மேலதிகாரியிடம் மெய் பேசலாமா?

நம் பங்கிலுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் பிறரிடம் வேலை பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். பிறரை வேலை வாங்குகிறவரும் பல வீடுகளில் இருக்கிறார். எஜமான் என்றால் பெரிய ஆலைக்குச் சொந்தக்காரர் மட்டுமே என்று எண்ண வேண்டாம். எட்டுப் பேரை வைத்து வேலை வாங்கும் கொத்து மேஸ்திரி, ஆசிரியைகளுக்கு மேலே இருக்கும் தலைமையாசிரியை, ஆஸ்பத்திரி வார்டில் இளம் நர்சுகளுக்குப் பொறுப்பான மூத்த நர்சு, மூன்று பையன்களை வைத்து மளிகைக் கடை நடத்துகிறவர், வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கும் தாய், இவர்கள் எல்லாரும் பிறர்மேல் அதிகாரம் பெற்றவர்களே. இப்படிப்பட்ட ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'எனக்குப் பிடிக்காத செய்தியை, என் கீழ் வேலை செய்கிறவர் என் முகத்துக்கு நேரே சொல்லத் துணிவாரா?' என்பதே அது.

நல்ல செய்தியை யாரும் ஓடி வந்து சொல்வார்கள். சரக்கு கெட்டுவிட்டது, கணக்கு உதைக்கிறது, இயந்திரத்தில் ஏதோ புதுச் சத்தம் கேட்கிறது, நீங்கள் நேற்றுச் சொன்ன யோசனை நடைமுறைக்கு வராது என்றெல்லாம் சொல்ல வருகிறவன் கதவருகே தயங்கி நின்று, பிறகு சொல்லாமலே திரும்பிப் போய்விடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நஷ்டம் யாருக்கு? கடையில் என்றால் பணத்தோடு போகும். மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்ட ஓர் இளம் நர்சு, மூத்தவருடைய ஏச்சுக்குப் பயந்து அரைமணி நேரம் வாயடைத்து நின்றால், போவது ஓர் உயிர் அல்லவா? சாரம் ஆடுகிறது என்று சொல்லத் துணியாத சித்தாளும், மேலே நின்று பூசுகிற கொத்தனாரும் ஒரே குடும்பத்தின் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம்.

இவ்விஷயத்தில் நமக்குப் பாடம் சொல்லும் வரலாறு ஒன்று வேதாகமத்திலே, அரசர் இரண்டாம் ஆகமம் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. நாமான் குஷ்டம் நீங்கிய கதை என்று சிறுவயதிலேயே ஞானோபதேச வகுப்பில் கேட்டிருக்கிறோம். ஆனால் அதை வேலைக்காரர்களின் பக்கம் நின்று பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் அது முழுக்க முழுக்கக் கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவரிடம் மெய் பேசிய கதை.

நாமான் சீரியா அரசனின் படைத்தலைவன், வெற்றி வீரன், அரசனுக்கு மிக வேண்டியவன், ஆனால் குஷ்டரோகி. அவனுடைய வீட்டில், இஸ்ராயேல் நாட்டிலிருந்து கொள்ளைக் கூட்டத்தார் பிடித்து வந்த ஒரு சிறு பெண் அடிமையாக இருந்தாள். சமாரியாவிலுள்ள தீர்க்கதரிசியிடம் போனால் எஜமான் குணமாவார் என்று அவள்தான் முதலில் வாய்திறந்து சொன்னாள். கவனியுங்கள்: அவள் அந்நிய நாட்டவள், பகை நாட்டவள், சிறுமி, அடிமை. தன் சொந்த ஊரைக் கொள்ளையடித்த படையின் தலைவன் வீட்டில் எஜமானியிடம் நோயைப் பற்றிப் பேசுவது இலேசான காரியமா? 'உனக்கெதற்கு இந்தப் பேச்சு?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. எஜமானியிடம் சொன்ன சொல் எஜமானிடம் போயிற்று. எஜமான் அதை அரசனிடமே கொண்டுபோனான். அரசன் கடிதம் எழுதிக் கொடுத்தான். ஓர் அடிமைச் சிறுமியின் வாய்ச்சொல்லை நம்பி, பத்துத் தாலந்து வெள்ளியும் ஆறாயிரம் பொற்காசும் பத்து மாற்றுடைகளும் வண்டியேறின.

இனி இஸ்ராயேல் அரசனைப் பாருங்கள். கடிதத்தைப் படித்ததும் அவன் தன் உடையைக் கிழித்துக்கொண்டான். 'என்னிடம் சண்டைக்கு வழி தேடுகிறான்' என்பதே அவனுக்குத் தோன்றிய முதல் எண்ணம். சந்தேகம் குடிகொண்ட மனத்துக்கு உதவி கேட்டு வந்த கடிதமும் சூழ்ச்சியாகவே தெரிகிறது. அதிகாரிகளில் இவனைப்போல் எத்தனை பேர்! ஊழியன் இரண்டு நாள் லீவு கேட்டால் வேறு வேலை தேடப் போகிறான் என்பார்கள். இரண்டு பேர் தேநீர் குடித்தபடி பேசினால் தம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பார்கள்.

எலிசேயு தீர்க்கதரிசி வெளியே வரவில்லை. ஆளனுப்பி, யோர்தான் நதியில் ஏழுமுறை முழுகு என்று சொல்லிவிட்டார். படைத்தலைவனுக்குக் கோபம் பொங்கிற்று. எங்கள் தமாஸ்குவில் இல்லாத நதிகளா என்று திரும்பிப் புறப்பட்டுவிட்டான். கோபத்தில் இருக்கும் படைத்தலைவனை நெருங்குவது எத்தகைய ஆபத்து என்பதை எந்தச் சிப்பாயும் அறிவான். ஆனாலும் அவனுடைய ஊழியர் கிட்ட வந்தார்கள். வந்து, 'தந்தையே' என்று அழைத்துப் பேசினார்கள். பெரிய காரியம் ஒன்றைத் தீர்க்கதரிசி சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, இந்தச் சிறு காரியத்தைச் செய்தால் என்ன என்பதுதான் அவர்களுடைய வாதம். முகஸ்துதியும் இல்லை, குத்தலும் இல்லை. அவனும் கேட்டான், இறங்கினான், முழுகினான், குணமானான்.

அந்தத் 'தந்தையே' என்னும் சொல் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. அது அன்று காலையில் பிறந்த சொல்லாக இருக்க முடியாது. வீட்டில் அடிமைச் சிறுமி பேசிய சொல்லுக்கு மரியாதை கிடைத்ததைக் கண்டிருந்தவர்கள்தான் வழியில் கோபத்தின் நடுவே வாய்திறக்கத் துணிந்திருப்பார்கள். நாமான் கோபக்காரன்தான், வேதாகமம் அதை மறைக்கவில்லை. ஆனால் அவனுடைய கோபத்துக்கு ஊழியர் அஞ்சி ஒதுங்கவில்லை. மேலதிகாரி சாந்த சொரூபியாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. கோபம் வந்த பிறகும் அவரிடம் உண்மையைச் சொல்ல முடியும் என்று கீழே உள்ளவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இதற்கு நேர்மாறான வரலாறு சாலமோனின் மகன் ரொபோவாமுடையது. நுகம் பாரமாயிருக்கிறது, சற்றுக் குறையும் என்று ஜனங்கள் நேரில் வந்து பணிவாய்க் கேட்டார்கள். மூன்று நாள் தவணை வாங்கிய அரசன், முதியோரின் ஆலோசனையைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த வாலிபரின் பேச்சைக் கேட்டுக் கடுமையாய்ப் பதில் கொடுத்தான். பத்துக் கோத்திரங்கள் அவனை விட்டுப் போயின. முறையீட்டோடு நேரில் வருகிறவர்கள் இன்னும் உறவை அறுத்துக்கொள்ளாதவர்கள் என்பதை அவன் உணரவில்லை. வெறுத்துப்போனவர்கள் முறையிட வரமாட்டார்கள். சொல்லாமலே கணக்குத் தீர்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

வேதாகமத்தின் இந்தப் பாடத்தைச் சட்டமாகவே எழுதி வைத்தவர் ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த அர்ச். ஆசீர்வாதப்பர். மோந்தே கசீனோ மலைமீது மடம் கட்டிய இவர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் எழுபத்துமூன்று அதிகாரங்கள் உண்டு. மூன்றாம் அதிகாரத்தில், முக்கியமான காரியம் எதுவானாலும் மடாதிபதி எல்லாத் துறவிகளையும் கூட்டி, விஷயம் இன்னதென்று தாமே எடுத்துச் சொல்லி, அவர்களுடைய கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறார். முடிவு செய்வது மடாதிபதியின் பொறுப்பு. அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இளையவர்களையும் ஏன் அழைக்க வேண்டும்? எது மேலானது என்பதை ஆண்டவர் பல சமயம் இளையவர்களுக்கே வெளிப்படுத்துகிறார் என்பதுதான் அவர் சொல்லும் காரணம். வெளியூரிலிருந்து விருந்தாளியாக வந்து தங்கும் துறவி மடத்தில் ஏதேனும் குறை கண்டு பணிவோடும் நியாயத்தோடும் சொன்னால், அதற்காகவே ஆண்டவர் அவரை அனுப்பியிருக்கலாம் என்று மடாதிபதி யோசிக்க வேண்டுமாம். 'நேற்று வந்தவனுக்கு என்ன தெரியும்?' என்று கேட்கும் பழக்கமுள்ளவர்கள் இதை இரண்டு முறை படிப்பது நல்லது.

மடாதிபதி எப்படிப்பட்டவராயிருக்க வேண்டும் என்று சொல்லுமிடத்தில், அவர் அஞ்சப்படுவதைவிட நேசிக்கப்படுவதையே நாடவேண்டும் என்கிறார். துருவை அளவுக்கு மிஞ்சிச் சுரண்டினால் பாத்திரமே உடைந்துவிடும் என்று எச்சரிக்கிறார். எப்பொழுதும் சந்தேகப்படுகிறவராக இருக்கலாகாது, இருந்தால் அவருக்கே நிம்மதி இராது என்றும் சொல்கிறார். சந்தேகத்தால் ஊழியன் படும் துன்பம் நமக்குத் தெரியும். அது மேலதிகாரியின் தூக்கத்தையும் கெடுக்கும் என்பது ஆசீர்வாதப்பரின் அநுபவம். நம் வள்ளுவரும், இடித்துச் சொல்லும் துணை இல்லாத அரசனைப் பற்றி இதே கவலையோடு பேசியிருப்பது தமிழருக்குத் தெரிந்ததே.

'மடத்துக்கு இது சரி. இலாப நஷ்டம் பார்க்கும் தொழிலுக்கு ஒத்துவருமா?' என்று சிலர் கேட்கலாம். ஒத்துவரும் என்று நடத்திக் காட்டிய ஓர் ஆலை முதலாளியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிரான்சு தேசத்தில் ரீம்ஸ் நகருக்கு அருகே வார்மெரிவில் என்னும் ஊரில், வால்-தே-புவா என்ற இடத்தில் ஆர்மெல் குடும்பத்தார் கம்பளி நூல் ஆலை ஒன்றை நடத்திவந்தார்கள். 1829-ஆம் ஆண்டு பிறந்த லெயோன் ஆர்மெல் 1854-இல் தம் தந்தையிடமிருந்து அதன் நிர்வாகத்தை ஏற்றார். அக்காலத்து ஆலைகளில் தொழிலாளர் பட்ட பாடு சரித்திரம் அறிந்தது. நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி, சிறுபிள்ளைகளும் இயந்திரத்தின் அருகே. முதலாளி இன்னார் என்று தொழிலாளிக்கு முகம் தெரியாது. கோயிலோ முதலாளியின் பக்கம் என்ற எண்ணம் தொழிலாளர் நெஞ்சில் ஊறிப்போயிருந்தது. ஆர்மெல் பக்தியுள்ள கத்தோலிக்கர், அர்ச். பிராஞ்சீஸ்குவின் மூன்றாம் சபையைச் சேர்ந்தவர். ஆலையைச் சுற்றி வீடு, பள்ளிக்கூடம், கோயில், சேமிப்பு நிதி என்று பல நன்மைகளும் செய்யப்பட்டன.

இப்படிக் கொடுத்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களோடு ஆர்மெல் நின்றிருந்தால் அவரைப் பற்றி இன்று பேச வேண்டியதில்லை. மேலிருந்து கொடுக்கும் நன்மையைக் கீழிருப்பவர் தர்மமாகத்தான் பெறுகிறார். தர்மம் வாங்குகிறவர் கொடுப்பவரிடம் மனம் திறப்பதில்லை. ஆகவே தொழிலாளியின் நன்மையைத் தொழிலாளியைக் கொண்டே, அவனோடு சேர்ந்தே செய்யவேண்டும், அவனை ஒதுக்கிவிட்டு ஒருபோதும் செய்யலாகாது என்பது ஆர்மெலின் கொள்கையாயிற்று. ஆலையைச் சேர்ந்த சங்கங்களையும் நிதிகளையும் தொழிலாளரே நடத்தும்படி விட்டார். 1891-இல் பெரிய குடும்பங்களுக்குக் கூலிக்கு மேற்பட்ட உதவி கொடுக்கக் குடும்ப நிதி ஒன்றை ஏற்படுத்தினார்; அதைப் பங்கிடும் பொறுப்பும் தொழிலாளர் குழுவினிடமே இருந்தது. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது மானேஜரைவிட அடுத்த இயந்திரத்தில் நிற்பவனுக்குத்தானே தெரியும்?

எல்லாவற்றிலும் துணிச்சலான காரியம் 1890-களில் நடைமுறையிலிருந்த ஆலைச் சபை. தொழிலாளர் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்கள் முதலாளி தரப்பாரோடு அமர்ந்து, கூலி, ஒழுங்கு நடவடிக்கை, விபத்து, சுகாதாரம், வேலை பழகுவோரின் பயிற்சி ஆகியவற்றைப் பற்றிப் பேசினார்கள். ஒரு தொழிலாளிக்குத் தண்டனை விதிப்பதா வேண்டாமா என்பதில்கூட உடன் தொழிலாளரின் கருத்துக்கு இடமிருந்தது. கத்தோலிக்க முதலாளிகளிலேயே பலர் இதை வெறுத்தார்கள். ஆலையின் அதிகாரத்தைத் தெருவில் போடுகிறார் என்றார்கள். ஆர்மெலோ நிர்வாகப் பொறுப்பை யாரிடமும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. முடிவுக்கு முன்னால் கேட்பதும், முடிவுக்குப் பின்னால் காரணம் சொல்வதும் அதிகாரத்தைக் குறைக்கும் என்று அவர் நம்பவில்லை, அவ்வளவே. தொழிலாளர்கள் அவரை 'நல்ல தந்தை' என்று அழைத்தார்கள். நாமானின் ஊழியர் சொன்ன அதே சொல்!

அவருடைய முறையிலும் குறை சொல்ல இடமுண்டு. வீடும் வேலையும் பக்திச் சபையும் ஒரே முதலாளியின் நிழலில் இருந்தால், மறுத்துப் பேச நினைப்பவனுக்கு ஒதுங்க இடமிராது. 'தந்தை' என்ற சொல்லே தொழிலாளியை என்றும் குழந்தையாக வைத்துவிடவும் கூடும். இது நியாயமான ஆட்சேபம். ஆர்மெல் தந்தை ஸ்தானத்தோடு நில்லாமல் சபையும் வாக்கும் கொடுத்தது அதனாலேயே பெரிது என்பேன்.

அவர் தொழிலாளரைத் திரட்டி ரோமைக்கு யாத்திரை அழைத்துச் சென்றதும் குறிப்பிடத்தக்கது. 1887-இல் ஏறக்குறைய 1,800 பேரும், 1889-இல் ஏறக்குறைய 10,000 பேரும் போய்ப் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசரைக் கண்டார்கள். உழைப்பாளரின் முகங்களைப் பாப்பரசர் அப்படி நேருக்கு நேர் பார்த்த சில வருஷங்களுக்குள், 1891 மே 15-ஆம் நாள், தொழிலாளர் நிலையைப் பற்றிய 'ரேரும் நோவாரும்' நிருபம் வெளிவந்தது. எழுபது ஆண்டுகள் கழித்து, 1961-இல், இருபத்துமூன்றாம் அருளப்பர் பாப்பரசர் தம் 'மாத்தெர் எத் மஜிஸ்த்ரா' நிருபத்தில், தொழிலாளர் தாம் வேலை செய்யும் ஸ்தாபனத்தின் காரியங்களில் தங்கள் சொல்லைச் செலுத்த இடமிருக்க வேண்டும் என்று போதித்தார். ஆர்மெல் 1915-இல் இறந்துபோனார்; உயிரோடிருந்து இதைக் கேட்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

நம் தேசத்திலும் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் இருதரப்பாரும் அமரும் ஒர்க்ஸ் கமிட்டியை அமைக்கும்படி அரசாங்கம் உத்தரவிட வழி செய்தது. தொழிலாளர் பிரதிநிதிகள் முதலாளி தரப்பினரைவிடக் குறையலாகாது என்றும் விதித்தது. ஆனால் சட்டம் நாற்காலி போட்டுக் கொடுக்கும். அதில் உட்காருகிறவன் வாய்திறப்பதும் திறக்காததும் எதிரே இருப்பவரின் முகத்தைப் பொறுத்தது. மினிட் புஸ்தகத்தில் கையெழுத்து வாங்குவதற்காக மட்டுமே கூடும் கமிட்டியால் பயன் என்ன?

ஜப்பானில் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலைகளில் வேலை வரிசைக்கு மேலே நெடுகிலும் ஒரு கயிறு கட்டி வைத்திருந்தார்கள். சில இடங்களில் பிற்பாடு பொத்தானாக மாற்றினார்கள். கோளாறு கண்ட தொழிலாளி யாரானாலும் அதை இழுக்கலாம். இழுத்ததும் குழுத்தலைவர் வருவார். குறித்த நேரத்தில் சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நின்றுவிடும். கயிறு மலிவான பொருள். எந்த ஆலையும் கட்டிவிடலாம். வருகிற தலைவர் 'என்ன கண்டாய்?' என்று கேட்கிறாரா, 'ஏன் நிறுத்தினாய்?' என்று அதட்டுகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டாவதை ஒரே ஒருமுறை கேட்டவன் அடுத்த முறை கயிற்றைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வான். பழுதான வண்டி வெளியே போகும்.

ஆகவே வேலை வாங்குகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். தவறு வேறு, தவறை மறைப்பது வேறு. தானாக வந்து தவறைச் சொன்னவனையும், பிடிபட்டவனையும் ஒரே கோலால் அடித்தால், இனி யாரும் தானாக வரமாட்டார்கள். சொன்னவனுக்குத் தண்டனையே கூடாது என்பதல்ல. அவன் சொன்னதை முதலில் நன்மையாக ஏற்றுக்கொண்டு, பிறகு தவற்றை ஆராய வேண்டும். கோள் சொல்கிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் மனந்திறந்த பேச்சை எதிர்பார்ப்பது வீண். மனந்திறந்து பேசுவது என்பது எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டுவதும் அல்ல. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று தனியே அழுத ஊழியனின் கதையை மறுநாள் அலுவலகம் முழுதும் பேசினால், அந்த மேலதிகாரியிடம் அவன் மட்டுமல்ல, ஒருவருமே இனி அழமாட்டார்கள். சம்பளம் பத்தாம் தேதிக்குத் தள்ளிப்போகும் என்றால் ஒன்றாம் தேதியே காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். அடகுக் கடைக்குப் போவதா வேண்டாமா என்று ஒரு குடும்பம் காத்துக்கொண்டிருக்கிறது.

வேலை செய்கிறவர்களுக்கும் பாடம் உண்டு. அது நாமான் கதையின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. எலிசேயு வெகுமதி வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அவருடைய ஊழியன் கியேசியோ பின்னால் ஓடிப்போய், எஜமான் கேட்டார் என்று பொய் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு உடைகளும் வாங்கி வீட்டில் ஒளித்தான். 'எங்கே போனாய்?' என்று எலிசேயு கேட்டார். தெரிந்தே கேட்ட கேள்வி அது. உண்மையைச் சொல்ல அவனுக்குக் கிடைத்த தருணம். எங்கும் போகவில்லை என்றான். நாமானை விட்டு நீங்கிய குஷ்டம் அவனைப் பற்றிக்கொண்டது. நல்ல எஜமானிடமிருந்தும் மறைக்கிற ஊழியன் உண்டு என்பதை வேதாகமம் இப்படிச் சொல்லி வைத்திருக்கிறது. எஜமானின் பெயரைச் சொல்லி வெளியே கமிஷன் வாங்குகிறவன், தன்னை நம்பவில்லை என்று குறைப்பட உரிமையற்றவன்.

இந்த வாரம் ஏதாவது ஒரு மாலை, ஜெபமாலை முடிந்தபின், குடும்பமாக உட்கார்ந்து இந்த அதிகாரத்தை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். வாசித்தபின், அடிமைச் சிறுமிக்கு அந்த வீட்டில் பேசத் தைரியம் எப்படி வந்தது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வீட்டிலே வேலைக்கு இருக்கும் பெண்ணும் கூட இருந்தால் நல்லது. ஆசீர்வாதப்பர் ஒழுங்கின்படி இளையவர்களும் தாராளமாய்ப் பேசட்டும். தகப்பனார் கடைசியில் பேசலாம்.